இரைச்சலுக்குள் ஒரு பயம்

பழைய இசைத்தட்டைத் திரும்பக் கேட்பதும் பழைய நாவலைத் திரும்பப் படிப்பதும் ஒரே மாதிரியான காரியங்கள்தாம். முதல் தடவை நம்மை இழுப்பது பெரும்பாலும் புதுமை. மூன்றாம் தடவை புதுமை கைகொடுக்காது. உள்ளே சரக்கு இருக்க வேண்டும். ராக் சங்கீதத்துக்கும், அதன் முரட்டுப் பிள்ளையான ஹெவி மெட்டலுக்கும் இந்தச் சோதனை இன்னும் கடுமையானது. கேட்பவரைத் திடுக்கிட வைப்பதையே முதலாகப் போட்டு வளர்ந்த சங்கீதம் அது. 55 வருஷங்களுக்குப் பிறகு அதைக் கேட்டு யாரும் திடுக்கிடுவதில்லை. அப்படியானால் மிஞ்சுவது என்ன?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு 'பிளாக் சப்பாத்' குழுவின் முதல் மூன்று ஆல்பங்களையும் சமீபத்தில் வரிசையாகக் கேட்டேன். 1970 பிப்ரவரியில் வந்தது குழுவின் பெயரையே தாங்கிய முதல் ஆல்பம். அதே வருஷம் செப்டம்பரில் 'பாரனாய்ட்'. 1971 ஜூலையில் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'. கல்லூரி நாட்களிலிருந்தே நான் இவற்றின் ரசிகன். ரசிகனுடைய அபிப்பிராயம்தானே என்று வாசகர்கள் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம், ஆட்சேபம் இல்லை. ஆனால் காரணம் சொல்ல வேண்டிய கடமை ரசிகனுக்கும் உண்டு.

இந்தச் சங்கீதத்தின் மேல் சாதாரணமாகச் சுமத்தப்படும் குற்றங்கள் இரண்டு. ஒன்று, வெறும் இரைச்சல். மற்றொன்று, பிசாசு வழிபாடு. முதல் குற்றத்தைச் சொல்பவர்களில் பலர், கல்யாணப் பந்தலில் தவிலுக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து சந்தோஷமாகத் தலையாட்டுகிறவர்கள். சத்தம் பெரிது என்பது ஒரு குற்றமே அல்ல. அந்தச் சத்தத்துக்கு ஏதாவது அர்த்தம் உண்டா என்றுதான் பார்க்க வேண்டும்.

அர்த்தம் தெரிய, அது பிறந்த ஊரைத் தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தைச் சேர்ந்த ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதி அது. குழுவின் நான்கு பேரும் 1948, 1949ல் பிறந்தவர்கள். யுத்த காலத்தில் குண்டு விழுந்து இடிந்த கட்டடங்களுக்கு நடுவே விளையாடிய பிள்ளைகள். பள்ளிக்கூடத்தை விட்டதும் அவர்களுக்குக் காத்திருந்தது தொழிற்சாலை. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் மோட்டார் ஹாரன்களின் ஒலியைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். பிறகு மாடு வெட்டும் கூடத்தில் வேலை பார்த்தார். கிடார்க்காரர் டோனி அயோமி உலோகத் தகடு தயாரிக்கும் ஆலையில் இருந்தார். வேலையை விட்டு விலக இருந்த கடைசி நாளில், 17 வயதில், இயந்திரம் அவருடைய வலது கையின் நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் துண்டித்துவிட்டது. அவர் இடது கைப் பழக்கமுள்ளவர். ஆகவே தந்திகளை அழுத்தும் கை எதுவோ அந்தக் கைக்கே ஊனம் வந்தது.

ஆலையில் அவருக்கு மேலே இருந்தவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் உலகத்தை வியக்க வைத்த கிடார் மேதை ரெய்ன்ஹார்ட். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார். அதன்மேல் தோல் ஒட்டினார். விரல் தாங்க வேண்டுமே என்று மெல்லிய தந்திகளை மாட்டினார். மூன்றாவது ஆல்பத்துக்கு வரும்போது சில பாட்டுகளில் தந்திகளின் முறுக்கைத் தளர்த்தி, மூன்று அரை ஸ்வரம் கீழே இறக்கியும் விட்டார். அந்த இறக்கத்தில்தான் கனமான, புதைகிற மாதிரியான ஒரு நாதம் கிடைத்தது. இன்று உலகத்தில் எத்தனையோ குழுக்கள் பாஷனுக்காக இறக்குகிற சுருதியை அவர் இறக்கியது வலிக்காமல் வாசிப்பதற்காக.

இதை வைத்துக்கொண்டு, துன்பம்தான் கலைக்குத் தாய் என்று பிரசங்கம் செய்ய எனக்கு இஷ்டமில்லை. ஆலைகளில் விரல் இழந்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்கள் எல்லோரும் கலைஞர்களாகிவிடவில்லை. தன்னால் முடியாதது எது என்று தெரிந்துகொண்டு, முடிந்ததைக் கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார் அயோமி. நடைநயம் என்று எழுத்தில் நாம் சொல்வதும் பல சமயம் இதுதான்.

முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். மழைச் சத்தம், தூரத்து மணியோசை, பிறகு கிடார். மூன்றே ஸ்வரங்கள். நம்முடைய பரிபாஷையில் சொன்னால், கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், பிறகு இரண்டுக்கும் நட்டநடுவே இருக்கிற பிரதி மத்யமம். 'சங்கீதத்தில் சாத்தான்' என்று மேல்நாட்டில் இந்த இடைவெளிக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு. மத்திய காலத்து மாதாகோயில்கள் இதைத் தடை செய்தன என்றும் சொல்வார்கள். அந்தக் கதைக்கு ஆதாரம் கிடையாது. கல்யாணி ராகத்தில் இதே பிரதி மத்யமம் எவ்வளவு மங்களமாக ஒலிக்கிறது! அங்கே பக்கத்தில் பஞ்சமம் இருக்கிறது. போய் அமர இடம் உண்டு. இந்த மூன்று ஸ்வரங்களுக்குள்ளோ பஞ்சமம் இல்லை. ஸ்வரம் நடுவழியில் நின்று நடுங்குகிறது. வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளேயும் வராமல் திரும்பியும் போகாமல் இருக்கிற அந்நியனைப் போல. ஸ்வரத்தில் சாத்தான் கிடையாது. அதை அநாதையாக விட்ட விதத்தில் பயம் இருக்கிறது.

அந்தப் பாட்டின் விஷயமும் பயம்தான். கரிய உருவம் ஒன்று தன்னைச் சுட்டிக்காட்டி நிற்பதைக் கண்ட மனிதன் கடவுளைக் கூவி அழைக்கிறான். பிசாசைக் கும்பிடுகிறவன் கடவுளை எதற்காகக் கூப்பிட வேண்டும்? பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் பாஸ் கிடார் வாசித்த கீசர் பட்லர். கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அவர்கள் கழுத்தில் போட்டிருந்த சிலுவைகளோ ஆஸியின் தகப்பனார் உலோகத்தில் செய்து கொடுத்தவை. ஆல்பத்தின் உட்பக்கத்தில் தலைகீழ்ச் சிலுவையை அச்சிட்டது இசைத்தட்டுக் கம்பெனியின் விற்பனைச் சாமர்த்தியம். உறையில் இருந்த சாத்தானைப் பார்த்துவிட்டுப் பாட்டுக்குள்ளும் அவனைத் தேடினால் எப்படி?

1970ல் விமர்சகர்கள் இந்த ஆல்பத்தைக் கிழித்தெறிந்தார்கள். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் லெஸ்டர் பாங்ஸ், 'கிரீம்' குழுவைப் பார்த்து மட்டமாகச் செய்த நகல் என்கிற தோரணையில் எழுதினார். இரண்டாவது பக்கத்தில் வரும் 'வார்னிங்' என்ற நீண்ட பாட்டை மட்டும் கேட்டால் அவர் சொன்னது நியாயமே. அதன் கிடார் ஆலாபனை பாதை தெரியாமல் அலைகிறது. இன்றும் எனக்கு அலுப்புத் தட்டுகிறது. ஆனால் அவர்கள் கையில் இருந்த அளவுகோல் வித்வத்துக்கானது. அதே வருஷம் ஜூனில் வந்த 'டீப் பர்ப்பிள்' குழுவின் 'இன் ராக்' ஆல்பத்தை அந்த அளவுகோலால் தாராளமாக அளக்கலாம். அங்கே கிடாரும் ஆர்கனும் ஒன்றையொன்று துரத்துகின்றன, கேட்பவர் பிரமிக்கிறார். பிளாக் சப்பாத் நம்முடைய பிரமிப்பைக் கேட்கவில்லை. மெதுவாக வந்து, ஸ்வரங்களுக்கு நடுவே இடம் விட்டு, நம்மைக் காத்திருக்க வைக்கிறது. வேகத்தை அளக்கிற கோலால் காத்திருப்பதை அளக்க முடியாது.

'பாரனாய்ட்' ஆல்பம்தான் மூன்றில் சிறந்தது என்பது என் முடிவு. அதன் முதல் பாட்டு 'வார் பிக்ஸ்'. ஆரம்பத்திலேயே விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஊதுகிறது. ஆஸ்டனில் பிறந்தவர்களுக்கு அது சினிமாவில் கேட்ட சத்தம் அல்ல; வீட்டில் தாய் தகப்பனார் சொல்லக் கேட்ட சத்தம். பிறகு பாடகரின் குரலும், டிரம் வாசித்த பில் வார்டின் தாளத் தட்டின் மெல்லிய டிக் டிக்கும் மட்டுமே. கிடார் இடையிடையே இரண்டு அடி அடித்துவிட்டு மௌனமாகிறது. யுத்தத்தைத் தொடங்குகிற பெரிய மனிதர்கள் பத்திரமாக இருக்க, ஏழைகள் சாகிறார்கள் என்பது பாட்டின் பொருள். முதல் இரண்டு வரிகளும் ஒரே சொல்லில் முடிவதைப் பலர் கேலி செய்திருக்கிறார்கள். கவிதை என்று பார்த்தால் பலவீனம்தான். ஆனால் ஆலைக்குப் போகிறவன் கோபத்தில் பேசும்போது எதுகை தேடிக்கொண்டு நிற்பதில்லை.

அதே ஆல்பத்தில் 'அயர்ன் மேன்' இருக்கிறது. எதிர்காலத்துக்குப் போய் உலகத்தின் அழிவைப் பார்த்த ஒருவன், எச்சரிக்கத் திரும்புகிறான். வரும் வழியில் உடம்பு இரும்பாகிவிடுகிறது, பேச முடியவில்லை. ஜனங்கள் பரிகசிக்கிறார்கள். ஆத்திரத்தில், தான் பார்த்த அழிவைத் தானே நடத்தி வைக்கிறான். எந்த நாவலாசிரியனும் பொறாமைப்படக்கூடிய கரு. 'ஹேண்ட் ஆஃப் டூம்', வியட்நாம் யுத்தத்தில் போதை மருந்துக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றியது. இடையில் 'பிளானெட் காரவன்' என்ற அமைதியான பாட்டு, நடு நிசியில் மொட்டை மாடியில் படுத்திருப்பது போல் இருக்கிறது. டிரம் தனி ஆவர்த்தனமான 'ராட் சாலட்' மட்டும் இல்லாமலே இருந்திருக்கலாம். ஆல்பத்தின் நேரம் போதவில்லை என்று கடைசியில் அவசரமாகச் செய்த 'பாரனாய்ட்' என்ற சின்னப் பாட்டு பிரிட்டனில் 4ஆம் இடம் வரை ஏறியது. அதுவும் சந்தோஷம் என்றால் என்னவென்று மறந்துபோன ஒரு மனத்தின் புலம்பல்தான்.

ஆகவே, அதிர்ச்சி போன பிறகு மிஞ்சுவது பயம் என்கிறேன். யுத்தத்தைப் பற்றி, போதையைப் பற்றி, மனம் கலங்கிவிடுவதைப் பற்றி, ஆலைக்குள் ஆயுள் கழிந்துவிடுமே என்பதைப் பற்றி. இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் தைரியசாலிகள் போல் வேஷம் போடுவதுதான் வழக்கம். இவர்கள் பயந்தோம் என்பதை உரக்கச் சொன்னார்கள். அந்த உரத்த சத்தத்தை அகங்காரம் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில் அந்த நான்கு பேரும் கடைசி முறையாகச் சேர்ந்து வாசித்தார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸி நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். பாடியவை நான்கே பாட்டுகள். நான்கும் 1970ல் வந்த இரண்டு ஆல்பங்களிலிருந்து எடுத்தவை. அந்த மாதம் 22ஆம் தேதி அவர் காலமானார்.

இரைச்சல் என்று இதுவரை ஒதுக்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று ஆல்பங்களையும் கேட்க வேண்டாம். 'வார் பிக்ஸ்' பாட்டை மட்டும், ஒலியை அதிகம் வைக்காமல், வீடு அடங்கிய பிறகு போட்டுப் பாருங்கள். கிடார் அடிப்பதைவிட, அது நிறுத்துகிற இடங்களைக் கவனியுங்கள். பிடிக்காமல் போனால் அது உங்கள் ருசி. அதைப் பற்றி எனக்கு வழக்கு இல்லை. இரைச்சல் என்று மட்டும் அப்புறம் சொல்ல மாட்டீர்கள்.