மூன்றாவது கையெழுத்து

டிசம்பர் 26 வந்துவிட்டால் நம் டி.வி. சேனல்கள் எல்லாம் கடற்கரைக்குப் போய்விடும். மெழுகுவத்தி, பால் ஊற்றுதல், மலர் தூவுதல், 2004-ல் எடுத்த அதே நடுங்கும் வீடியோ. மறுநாள் வேறு செய்தி. இருபது வருஷத்துக்கு மேலாக இதுதான் வழக்கம்.

அந்தச் சுனாமியில் பிறந்து, பிறந்த மூன்றே வாரத்தில் முடங்கிப்போன ஒரு காகிதத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் அதைப் ‘பொதுக் கட்டமைப்பு’ என்று எழுதின. சுனாமி நிவாரணப் பணத்தை இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து நிர்வகிப்பதற்காகப் போட்ட ஒப்பந்தம் அது.

அதைப் போடச் சொல்லி நெருக்கியவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். காசு கொடுப்பவர்கள். அவர்கள் சொன்னது சரியா, தப்பா? இன்றைக்கும் கொழும்பில் ஒரு கோஷ்டி ‘நாட்டை விற்கப் பார்த்தார்கள்’ என்கிறது. இன்னொரு கோஷ்டி ‘கிடைத்த ஒரே நல்ல வாய்ப்பைக் கெடுத்துவிட்டார்கள்’ என்கிறது. இரண்டுமே பாதிக் கதை என்பது என் கட்சி.

முதலில் நடந்ததைப் பார்த்துவிடுவோம்.

இலங்கையில் அலை கொண்டுபோன உயிர்கள் 30,000-க்கும் மேல். அதில் பாதிக்கும் அதிகமானவை வடக்கு, கிழக்குக் கரைகளில் போனவை. அந்தக் கரையில் ஒரு பகுதி அரசு கையில். முல்லைத்தீவு மாதிரி இடங்கள் புலிகள் கையில். 2002 பிப்ரவரியில் போட்ட போர்நிறுத்தம் பேருக்கு இருந்தது. பேச்சுவார்த்தை 2003 ஏப்ரலோடு நின்றுபோயிருந்தது. 2005 ஜனவரியில் ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் நேரில் வந்தார். அம்பாந்தோட்டைக்குப் போனார். திருகோணமலைக்குப் போனார். முல்லைத்தீவுக்கு அரசு அவரைப் போக விடவில்லை.

ஐ.நா. தலைவரே போக முடியாத ஊருக்கு அரிசியும் சிமென்ட்டும் எப்படிப் போகும்? காசு கொடுக்கிற நாடுகள் கேட்டது இதைத்தான். அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியம், நார்வே நாலும் அப்போது அமைதி முயற்சியின் இணைத் தலைமை நாடுகள். புலிகளோடு உட்கார்ந்து ஒரு ஏற்பாட்டுக்கு வாருங்கள் என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். 2005 மே மாதம் கண்டியில் நடந்த கூட்டத்தில் சுமார் 300 கோடி டாலர் தருவதாக வாக்குறுதிகள் குவிந்தன.

ஜூன் 24-ம் தேதி கையெழுத்தானது. ஆறு மாவட்டங்கள்: யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை. கடலிலிருந்து 2 கிலோ மீட்டர் வரைக்கும்தான் அதிகாரம். ஆயுசு முதலில் ஒரு வருஷம். மேலே மூன்று பேர் கொண்ட உயர்மட்டக் குழு, நடுவில் 10 பேர் கொண்ட பிராந்தியக் குழு, கீழே மாவட்டக் குழுக்கள். பிராந்தியக் குழுவில் புலிகளுக்கு 5, முஸ்லிம்களுக்கு 3, அரசுக்கு 2. அலுவலகம் கிளிநொச்சியில். வெளிநாட்டுப் பணம் ஒரு தனி நிதியில் விழும். அதற்குக் காவல் உலக வங்கி.

இவ்வளவுதான் சமாச்சாரம். இரண்டு கிலோ மீட்டர் அகலம், ஒரு வருஷம். இதற்குள் தனி நாடு ஒளிந்திருக்கிறது என்று தென்னிலங்கையில் கிளம்பியது பாருங்கள் ஒரு புயல்! ஜே.வி.பி.யின் 39 எம்.பி.க்கள் ஜூன் 16-ம் தேதியே ஆளும் கூட்டணியை விட்டு வெளியேறிவிட்டார்கள். சந்திரிகா அரசு சிறுபான்மை ஆனது. கண்டியில் புத்த பிக்கு ஒருவர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். ஜே.வி.பி. உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலை 15-ம் தேதி இடைக்காலத் தடை வந்தது. ஒப்பந்தத்தை மொத்தமாக ரத்து செய்யவில்லை. பணம் போய்ச் சேர்கிற நிதியையும், பிராந்தியக் குழுவின் முக்கிய அதிகாரங்களையும், கிளிநொச்சி அலுவலகத்தையும் நிறுத்தி வைத்தார்கள். கையையும் காலையும் கட்டிவிட்டு ‘நீ நடக்கலாம், தடையில்லை’ என்று சொன்ன மாதிரி. அப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை.

என் முதல் கருத்து: இந்த ஒப்பந்தம் தேவையானதுதான். வெள்ளம் வந்த ஊருக்குப் போகிற பாலத்தில் எவன் நிற்கிறானோ அவனிடம் பேசித்தான் லாரியைக் கடத்த முடியும். அவனிடம் பேசினால் அவனை அங்கீகரித்துவிட்டதாக ஆகாது. அவன் பின்னால் நிற்கிற ஜனங்கள் நம் ஜனங்கள் என்று ஒப்புக்கொண்டதாக மட்டுமே ஆகும். இதைப் புரிந்துகொள்ளாமல் சத்தம் போட்டவர்கள், முல்லைத்தீவு மக்கள் எங்கள் நாட்டு மக்கள் என்றும் அதே வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

புலிகளும் உத்தமர்கள் இல்லை. சுனாமிக்குப் பிறகும் பிள்ளைகளைப் படைக்குச் சேர்த்ததை யுனிசெஃப் பதிவு செய்திருக்கிறது. நிவாரணக் குழு என்ற பெயரில் நிர்வாக அங்கீகாரம் தேடினார்கள் என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. ஆகஸ்ட் 12-ம் தேதி வெளியுறவு அமைச்சர் கதிர்காமர் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். நாங்கள் செய்யவில்லை என்றார்கள் புலிகள். நம்பியவர்கள் குறைவு. பங்காளிகளாக உட்கார வேண்டிய நேரத்தில் நம்பிக்கையின் கடைசிச் சொட்டும் வடிந்துபோனது.

சரி, இதெல்லாம் பலரும் எழுதியதுதான். இனி எழுதாத பக்கத்துக்கு வருகிறேன்.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துகள் இரண்டுதான். ஒன்று அரசு, இன்னொன்று புலிகள். மூன்றாவது கையெழுத்துக்கு இடமே இல்லை.

இலங்கையில் அதிக உயிர்கள் போன மாவட்டம் அம்பாறை. அங்கே மட்டும் 10,000 பேருக்கு மேல். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை என்று கரையோரம் வரிசையாக முஸ்லிம் ஊர்கள். அலை யாரை அதிகம் அடித்ததோ, அவர்களைப் பேச்சில் சேர்க்கவே இல்லை. குழுவில் மூன்று நாற்காலி ஒதுக்கினார்கள். பந்தியில் இலை போட்டார்கள், பத்திரிகையில் பெயர் போடவில்லை. ரவூப் ஹக்கீமின் முஸ்லிம் காங்கிரஸ் ஒப்பந்தத்தை ஏற்க மறுத்ததில் என்ன ஆச்சரியம்?

இதை மானப் பிரச்னை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடி பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக ஊரைவிட்டுத் துரத்தினார்கள் புலிகள். அந்த நினைவோடு இருக்கிற ஒரு சாய்ந்தமருதுக்காரரிடம், ‘உன் வீட்டைக் கட்டுகிற பணம் கிளிநொச்சியில் முடிவாகும், கவலைப்படாதே’ என்று சொன்னால் அவர் என்ன சொல்வார்?

செய்ய முடியாத காரியமும் இல்லை. 2002 ஏப்ரலில் ஹக்கீம் கிளிநொச்சிக்கே போய்ப் பிரபாகரனோடு ஒரு உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கதவு ஒரு தடவை திறந்த கதவுதான். 2005-ல் யாரும் தட்டவில்லை.

காசு கொடுத்தவர்களிடம் என் பெரிய புகார் இதுதான். கொழும்பை நெருக்கினீர்கள், சரி. கிளிநொச்சியை நெருக்கினீர்கள், சரி. ‘மூன்றாவது கையெழுத்து இல்லாமல் இந்தக் காகிதம் செல்லாது’ என்று ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? ஆயுதம் வைத்திருக்கிற இரண்டு பேரைச் சமாதானப்படுத்தினால் போதும், ஆயுதம் இல்லாதவன் எப்படியும் வந்து வாங்கிக்கொள்வான் என்ற கணக்கு. உலகம் முழுக்க நிவாரண அரசியலின் பழைய கணக்கு அது.

இரண்டாவது புகார் இன்னும் வேடிக்கை. முன்னால் நின்று நெருக்கிய நாடுகளில் ஒன்று அமெரிக்கா. ஒப்பந்தம் கையெழுத்தானதும் வரவேற்றது. ஆனால் அந்தப் பொது நிதியில் நேரடியாகப் பணம் போட மாட்டோம் என்றும் சொன்னது. காரணம், 1997-லிருந்தே புலிகள் அவர்கள் பயங்கரவாதப் பட்டியலில். கல்யாணத்தை முன்னின்று முடித்து வைத்துவிட்டு, மொய் எழுத மட்டும் என்னால் ஆகாது என்று செருப்பை மாட்டிக்கொண்ட தாய்மாமன் கதை.

இது புதிசும் இல்லை. 2003 ஏப்ரலில் வாஷிங்டனில் கூடிய உதவி நாடுகள் கூட்டத்துக்குப் புலிகளைக் கூப்பிட முடியவில்லை. அதே சட்டம்தான் குறுக்கே நின்றது. அதைக் காரணம் காட்டித்தான் புலிகள் பேச்சை நிறுத்தினார்கள். ஜூன் மாதம் டோக்கியோவில் 450 கோடி டாலர் அறிவித்து, அமைதிப் பேச்சு முன்னேறினால்தான் முழுப் பணம் என்றார்கள். பேச்சு முன்னேறவில்லை. ரெண்டு வருஷம் கழித்து அதே மருந்தை வேறு பாட்டிலில் கொண்டுவந்தார்கள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே சாமியே பூசாரியின் கையைக் கட்டிவிட்டு வரம் கொடுக்க வந்தது.

நெருக்கடியின் பலன் என்ன? ஜே.வி.பி.க்கு ‘அந்நியச் சதி’ என்று ஒரு கோஷம் இலவசமாகக் கிடைத்தது. அந்த வருஷம் செப்டம்பரில் மகிந்த ராஜபக்ச, பொதுக் கட்டமைப்பைத் தூக்கிப் போடுவேன் என்று ஜே.வி.பி.யோடு உடன்பாடு செய்துகொண்டார். நவம்பரில் சுமார் 1,80,000 ஓட்டு வித்தியாசத்தில் ஜனாதிபதி ஆனார். வடக்கில் தமிழர்களை ஓட்டுப் போட விடாமல் தடுத்தவர்கள் புலிகள். எதிரிக்குப் படிக்கட்டு போட்டுக் கொடுத்தது யார் என்பதைச் சரித்திரம் எழுதிவிட்டது.

பணம் நின்றதா? இல்லை. பகிர்ந்தால்தான் என்றவர்கள், பகிராமல் போனபோதும் அரசு வழியாகவும் தொண்டு நிறுவனங்கள் வழியாகவும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். தெற்கில் சில இடங்களில் தேவைக்கு மேல் வீடுகள் எழுந்தன. வடக்கும் கிழக்கும் தகரக் கொட்டகையில் காத்திருந்தன. நிறைவேற்றாத மிரட்டல் வெறும் சத்தம்தான். அதை எல்லாத் தரப்பும் கச்சிதமாகப் புரிந்துகொண்டன.

2006 ஆகஸ்டில் மூதூரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுனாமி நிவாரண வேலைக்காக அங்கே இருந்தவர்கள். அந்தக் கொலைக்காக இதுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. 2009 மே மாதம் போர் முடிந்த இடம் முள்ளிவாய்க்கால். அதுவும் முல்லைத்தீவு மாவட்டக் கடற்கரைதான். அலை அடித்த கரையில், அலைக்குத் தப்பியவர்களும் செத்தார்கள்.

‘ஆச்சேயில் மட்டும் நடந்ததே’ என்று கேட்பீர்கள். இந்தோனேஷியாவின் ஆச்சேயிலும் அதே அலை, அங்கேயும் ஒரு தனிநாட்டுப் படை. ஆனால் அங்கே வரிசையே வேறு. 2005 ஆகஸ்ட் 15-ல் ஹெல்சிங்கியில் அரசியலைப் பேசி முடித்தார்கள். தனி நாடு வேண்டாம் என்றது கிளர்ச்சிப் படை. 840 ஆயுதங்களை ஒப்படைத்தது. உள்ளூர்க் கட்சிகளுக்கு அனுமதி, எண்ணெய், எரிவாயு வருமானத்தில் 70 சதவிகிதம் என்று ஒப்புக்கொண்டது அரசு. மறு வருஷத் தேர்தலில் அந்த இயக்கத்துக்காரரே கவர்னர். வீடு கட்டுகிற வேலையை ஒரு தனி அரசு அமைப்பு பார்த்துக்கொண்டது. அங்கே படை பலவீனமாக இருந்தது, ஜனாதிபதி பலமாக இருந்தார் என்பதும் நிஜம். அப்படியே இலங்கைக்குப் பொருத்த முடியாது. ஆனால் ஒரு பாடம் பொருந்தும். தீராத அரசியலை நிவாரணக் குழுவின் முதுகில் ஏற்றினால், அது நிவாரணத்தையும் சேர்த்துத்தான் கீழே போடும்.

நாம் மட்டும் யோக்கியர்களா என்றும் கேட்டுக்கொள்வோம். நாகப்பட்டினத்தில் ஒரே கலெக்டர், ஒரே கஜானா, துப்பாக்கி வைத்த இரண்டாவது தரப்பு கிடையாது. அப்படியும் தலித் குடும்பங்களை நிவாரண முகாமில் ஒதுக்கினார்கள், பட்டியலில் விட்டார்கள் என்ற புகார்கள் பதிவாகியிருக்கின்றன. பங்கு என்று வந்தால் பட்டியல் எழுதுகிறவன் யார் என்பதுதான் எங்கேயும் கேள்வி.

இது பழைய கதையும் இல்லை. 2023 பிப்ரவரியில் சிரியாவில் பூகம்பம் வந்தது. வடமேற்குப் பகுதி ஆயுதக் குழுக்கள் கையில். ஐ.நா. உதவிக்கு அனுமதிக்கப்பட்டிருந்த எல்லை வாசல் ஒன்றே ஒன்று. முதல் லாரிகள் போய்ச் சேர மூன்று நாள் ஆனது. இடிபாட்டுக்குள் கிடப்பவருக்கு மூன்று நாள் என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொரு அலை, இன்னொரு நடுக்கம் வரும். அங்கேயும் துப்பாக்கியோடு எவனாவது பாலத்தில் நிற்பான்.

அப்போது காசு கொடுப்பவர்கள் நெருக்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நெருக்குவதற்கு முன்னால் தங்கள் சட்டம் அந்தப் பணத்தைக் கொடுக்க விடுமா என்று பார்த்துக்கொள்ளட்டும். போட்ட நிபந்தனையை நிறைவேற்றும் உத்தேசம் உண்டா என்று தங்களையே கேட்டுக்கொள்ளட்டும். எல்லாவற்றுக்கும் முதலில், அந்தக் கரையில் துப்பாக்கி இல்லாமல் இருப்பவர் யார் என்று தேடிப்போய், அவர் கையில் பேனாவைக் கொடுக்கட்டும்.