ஏழாண்டுப் பயிற்சியும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சும்

நாடகம் பயில விரும்பும் மாணவனிடம் வீட்டார் கேட்கும் முதல் வினா, "படித்து முடித்தபின் என்ன வேலை கிடைக்கும்?" என்பதேயாகும். அதைப் பழிப்பதற்கில்லை. பிள்ளையின் பிழைப்பை எண்ணும் பெற்றோர்க்கு அது உரிய கவலையே. அக்கவலையைப் போக்கவே பல்கலைக்கழக நாடகத் துறைகள், தம்மிடம் பயின்று சென்றோரை மீண்டும் அழைத்துத் தொழில் வழிகாட்டி உரைகள் ஆற்றச் செய்கின்றன. அத்துறைகளே மாணவரைக் கொண்டு மேடை நாடகங்களையும் அரங்கேற்றுகின்றன. உரையும் மேடையும் ஒன்றையொன்று விளக்கி நிற்கின்றனவா என்பதே நாம் ஈண்டு ஆராயத்தக்கது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நாடகவியல் 1992ஆம் ஆண்டு தனிப் பாடநெறியாகத் தொடங்கப்பெற்றது. இத்தகைய பாடநெறிகளில் பயின்றோர் நடிகராகவும், இயக்குநராகவும், மேடை மேலாளராகவும், ஆசிரியராகவும் பணியாற்றுகின்றனர். வேறு தொழில்களை நாடிச் சென்றோரும் உளர். நாடகம் பயின்றால் கூச்சம் நீங்கும், கூடி உழைக்கும் பண்பு வளரும், எத்தொழிலுக்கும் அது துணையாகும் என்பதே தொழில் உரைகளில் பெரிதும் ஒலிக்கும் கருத்து. அது பொய்யன்று. ஆயினும், வைக்கோலின் பயனைச் சொல்லி நெல்லைப் பரிந்துரைப்பது போன்றது அது. வைக்கோலும் பயன்படும், ஆனால் வைக்கோலுக்காக எவரும் நெல் விதைப்பதில்லை.

தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை நினைவுகூர்வோம். மாதவி ஐந்தாம் அகவையில் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறுகிறாள். அவளுக்குக் கற்பித்த ஆடலாசிரியன் முதலியோர் பெற்றிருக்க வேண்டிய தகுதிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அளவு கூறுகிறார். தூண்களின் நிழல் அரங்கில் விழாவண்ணம் விளக்கு நிறுத்தியதையும், மூவகை எழினி அமைத்ததையும் சொல்கிறார். இவற்றுக்கெல்லாம் பின்னரே மன்னன் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் வழங்குகிறான். பரிசை அடிகள் மறைக்கவில்லை. ஆனால் அதை முதலில் வைக்கவுமில்லை. விளக்கின் நிழலைக் கருதியவனும் அக்காதையில் இடம்பெறுகிறான். இன்றைய தொழில் உரைகளோ கழஞ்சைச் சொல்லி ஏழாண்டை விட்டுவிடுகின்றன.

ஏழாண்டைச் சொல்வதெனின் எப்படிச் சொல்வது? சிங்கை நாடக உலகின் முன்னோடி குவோ பாவ் குன் வாழ்வே அதற்குச் சான்று. அவர் 1960களின் முற்பகுதியில் ஆஸ்திரேலியாவின் தேசிய நாடகக் கலைக் கழகத்தில் பயின்றவர். திரும்பி வந்ததும், 1965இல், தம் துணைவியார் கோ லே குவானோடு கலைப்பள்ளி ஒன்றை நிறுவினார். 1976 முதல் 1980 வரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார். 1990இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது. 2000இல் தி. சசிதரனுடன் இணைந்து நடிகர் பயிற்சி நெறியொன்றைத் தொடங்கினார். கூடியாட்டம், பெய்ஜிங் இசைநாடகம், ஜப்பானிய நோ, ஜாவாவின் வாயாங் வோங் ஆகிய மரபுகள் அங்குக் கற்பிக்கப்பெற்றன. 2002இல் அவர் மறைந்தார். எந்தத் தொழில் வழிகாட்டியும் பரிந்துரைக்கத் துணியாத வாழ்க்கை இது. எனினும், பயின்ற ஒருவர் பின்வருவோர்க்கு ஆற்றக்கூடிய தலைசிறந்த உரை, அவர் நிறுவிச் சென்ற பள்ளியேயன்றோ!

அவருடைய 'பூனையைத் தேடும் அம்மா' 1988இல் மேடையேறியது. நடிகர்களோடு கூடிப் பயிற்சியில் உருவாக்கிய பன்மொழி நாடகம் அது. அதில் ஹொக்கியன் பேசும் முதியவள் ஒருத்தி, தமிழ் பேசும் முதியவர் ஒருவரைச் சந்திக்கிறாள். இருவரும் தத்தம் பூனையைத் தேடுவோர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. ஆயினும் ஒருவரையொருவர் புரிந்துகொள்கின்றனர். அக்காட்சி உயிர்பெற வேண்டுமாயின், தமிழை உடலாலும் குரலாலும் பேசவல்ல நடிகர் ஒருவர் வேண்டும். கூச்சம் நீங்கியவர் மட்டும் போதார். தமிழின் ஏற்ற இறக்கமும் அமைதியும் அறிந்தவர் வேண்டும்.

இங்கேதான் நம் குறை புலப்படுகிறது. மேற்கூறிய பல்கலைக்கழக நாடகவியலின் பயிற்று மொழி ஆங்கிலம். அது அதன் குற்றமன்று. ஆனால் அங்குச் செல்லும் தமிழ் மாணவன் தன் தமிழ்க் குரலை எங்கிருந்து கொண்டு செல்வான்? நம் வகுப்பறையிலிருந்துதான் கொண்டு செல்ல வேண்டும். நாமோ நாடகத்தைப் பெரும்பாலும் போட்டிக்கும் பரிசுக்குமாகவே நடத்துகிறோம். கோப்பை கிடைத்ததும் உரைச்சுவடியைக் கட்டி வைத்துவிடுகிறோம். துறைகள் செய்யும் பிழையை நாமும் சிறிய அளவில் செய்கிறோம்.

ஆகவே, நாடகம் பயின்றோரை நம் மாணவர்முன் அழைக்கும்போது, "எவ்வளவு ஈட்டுகிறீர்கள்?" என்பதோடு நின்றுவிடாது, "ஒரு காட்சியை எத்தனை நாள் ஒத்திகை பார்த்தீர்கள்? எங்கே தவறினீர்கள்? விளக்கை எங்கே நிறுத்தினீர்கள்?" என்றும் கேட்போமாக. அவ்வினாக்களுக்கு விடை கேட்ட மாணவனே தனக்கு இக்கலை வேண்டுமா வேண்டாமா என்று தெளிந்து துணிவான். வேண்டாமெனத் துணிவானாயினும் நல்ல பார்வையாளனாவான். நாடகத்தை முத்தமிழுள் ஒன்றென வைத்துப் போற்றும் நமக்கு, அப்பார்வையாளனும் வேண்டியவனே.