குழாய்க்கு என்ன தெரியும்?

இணையம் சம்பந்தப்பட்ட வழக்குகளை நான் உவமைகளுக்காகப் படிக்கிறேன். தொழில்முறையில் எனக்கு ரவுட்டர் என்றால் ரவுட்டர்தான், அதை இன்னொன்றாகச் சொல்லவேண்டிய அவசியம் வருவதில்லை. ஆனால் ஜூரிக்கும் நீதிபதிக்கும் அதை ‘எதையோ போல’ என்று சொல்லியாக வேண்டும். எதைப் போல என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். அதனால் இரு தரப்பும் ஒருநாளும் ஒத்துக்கொள்ளாது.

இந்தக் கண்ணோடு படிக்க நல்ல வழக்கு, சோனி மியூசிக்கும் வேறு பல இசை நிறுவனங்களும் காக்ஸ் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனத்தின் மீது 2018-ல் தொடுத்தது. காக்ஸின் வாடிக்கையாளர்கள் டொரண்ட் வழியாகப் பாட்டுகளைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்தார்கள், காக்ஸுக்கு அது தெரியும், தெரிந்தும் இணைப்பைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. குற்றச்சாட்டு இவ்வளவுதான். 2019 டிசம்பரில் வர்ஜீனியாவில் ஒரு ஜூரி, 10,017 படைப்புகளுக்குத் தலா 99,830.29 டாலர் என்று கணக்கிட்டு மொத்தம் நூறு கோடி டாலர் விதித்தது. தலைக்கு இருபத்தொன்பது சென்ட் வரை ஏன் இறங்கினார்கள்? பெருக்கிப் பார்த்தால் புரியும், விடை நூறு கோடியைத் தாண்டி ஏறக்குறைய பதினைந்து டாலர். முதலில் முழுத்தொகையை முடிவு பண்ணிவிட்டுப் பிறகு வகுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஊரே முணுமுணுத்த ஹிட் பாட்டுக்கும் ஆல்பத்தின் கடைசியில் யாரும் கேட்காமல் கிடக்கும் பாட்டுக்கும் ஒரே விலை.

காக்ஸ் தரப்பின் உவமைகள் நமக்குப் பழக்கமானவை. நாங்கள் குழாய், நாங்கள் சாலை, நாங்கள் தொலைபேசிக் கம்பி. கம்பியில் ஒருவன் கொலைக்குத் திட்டம் போட்டால் கம்பிக்காரனைத் தூக்கில் போடுவீர்களா? எதிர்த்தரப்புக்கு வேறு உவமை உண்டு. சந்தை நடத்துகிறவன் தன் இடத்தில் போலிச் சரக்கு விற்கிறது என்று தெரிந்தும் கடைவாடகை வாங்கிக்கொண்டிருந்தால் அவனும் பங்காளிதானே? இது வெறும் உவமையும் இல்லை. கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோ நகரத்துச் சந்தைக்காரர் மேல் இசை நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில், 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது.

குழாயா, சந்தையா? என் தொழில் அறிவு குழாய்ப் பக்கம் சாய்கிறது. டொரண்டில் பாட்டு ஒரே இடத்தில் இருப்பதில்லை. அதை வைத்திருப்பவர்களும் வேண்டுபவர்களும் ஒரு கூட்டமாகச் சேர்ந்து துண்டு துண்டாகக் கொடுத்து வாங்குகிறார்கள். இசை நிறுவனங்கள் அமர்த்திய கண்காணிப்பாளர்கள் அந்தக் கூட்டத்துக்குள் தாங்களும் நுழைந்து, எந்த ஐபி முகவரிகள் நிற்கின்றன என்று குறித்துக்கொள்கிறார்கள். பிறகு சேவை நிறுவனத்துக்கு ஒரு நோட்டீஸ்: இந்த முகவரி, இந்த நேரம், இந்தப் பாட்டு. கோப்பைச் சேவை நிறுவனம் பார்ப்பதில்லை, வைத்திருப்பதும் இல்லை. நோட்டீஸில் இருக்கும் முகவரியும் ஆளின் முகவரி கிடையாது, வீட்டு வாசலில் இருக்கிற ரவுட்டரின் முகவரி. அதற்குப் பின்னால் அப்பா, பாட்டி, ப்ளஸ் டூ படிக்கும் பையன், வைஃபை பாஸ்வேர்டு கேட்டு வாங்கிய மாடிவீட்டுக்காரர் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆஸ்பத்திரியோ பல்கலைக்கழகமோ என்றால் ஆயிரக்கணக்கானவர்கள். பையன் இறக்கிய பாட்டுக்கு அப்பாவின் ஆபீஸ் வேலை நிற்கும்.

இதோடு நிறுத்தியிருந்தால் காக்ஸுக்கு நானே வக்காலத்து வாங்கியிருப்பேன். ஆனால் வழக்குப் பதிவுகளை மேலே படிக்கப் படிக்க அந்தக் குழாய்க்கு வாய் முளைக்கிறது.

1998-ல் வந்த அமெரிக்க டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம் சேவை நிறுவனங்களுக்கு ஒரு பாதுகாப்பு தந்தது. பதிலுக்கு ஒன்று கேட்டது: திரும்பத் திரும்பத் திருடுகிறவரை, தகுந்த சூழ்நிலையில், துண்டிக்கும் கொள்கை ஒன்று வைத்திரு, அதை நடைமுறையிலும் பின்பற்று. காக்ஸிடம் கொள்கை இருந்தது. முதல் நோட்டீஸைக் கண்டுகொள்வதில்லை, அடுத்தடுத்து எச்சரிக்கை மின்னஞ்சல், பிறகு தற்காலிக நிறுத்தம், பதின்மூன்றாவதில் துண்டிப்பதைப் பற்றி யோசிப்பது. யோசிப்பதுதான், துண்டிப்பதல்ல. ஒரு நாளில் இத்தனை நோட்டீஸ்தான் வாங்குவோம் என்று உச்சவரம்பும் வைத்திருந்தார்கள். உள் மின்னஞ்சல்களில் ஒரு மேலாளர் அந்தச் சட்டத்தையே கெட்டவார்த்தையில் திட்டுகிறார். இன்னொன்றில், இந்த வாடிக்கையாளர் மறுபடியும் மாட்டத்தான் போகிறார், ஆனாலும் இன்னொரு வாய்ப்புக் கொடுப்போம், மாதம் 317.63 டாலர் கட்டுகிறாரே என்கிறார்கள்.

எனக்கு எல்லாவற்றையும் விட உறைத்தவை இரண்டு எண்கள். 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளில் காப்புரிமை மீறலுக்காகக் காக்ஸ் துண்டித்த வீட்டு இணைப்புகள் 32. பில் கட்டாததற்காகத் துண்டித்தவை ஆறு லட்சத்துக்கும் மேல். ‘இணையம் அத்தியாவசியம், ஒரு குடும்பத்தை இருட்டில் தள்ளலாமா’ என்று கேட்ட அதே குழாய் இது. பில் பாக்கி வைத்த ஆறு லட்சம் வீடுகளில் பாட்டி இல்லையா, ப்ளஸ் டூ பையன் இல்லையா? குழாய் உவமை எனக்கு உடைந்தது இந்த இடத்தில்தான். தண்ணீரை யாருக்குத் திறப்பது, யாருக்கு மூடுவது என்பது அதற்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அதற்காகச் சந்தை உவமைக்குத் தாவவும் என்னால் முடியவில்லை. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு நுட்பமான கேள்வி கேட்டது: பாட்டுத் திருட்டால் காக்ஸுக்கு நேரடி லாபம் என்ன? வாடிக்கையாளர் திருடினாலும் பஜனை கேட்டாலும் கட்டுவது அதே மாதச் சந்தாதானே. சந்தைக்காரருக்குப் போலிச் சரக்கால் கூட்டம் சேர்ந்தது, இங்கே அப்படி நிரூபிக்கப்படவில்லை. நூறு கோடியை ரத்து செய்துவிட்டு, தெரிந்தே துணைபோன பொறுப்பை மட்டும் அந்த நீதிமன்றம் நிற்க விட்டது. அதையும் எதிர்த்துக் காக்ஸ் உச்ச நீதிமன்றம் போனது, 2025 டிசம்பர் 1 அன்று வாதம் நடந்தது.

அந்த உச்ச நீதிமன்றத்தில் சோனிக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. யுனிவர்சல் ஸ்டுடியோ சோனி மீது தொடுத்து 1984-ல் தீர்ப்பான வழக்கில் இதே கேள்விக்கு மறுபக்கம் நின்றது சோனிதான். பீட்டாமாக்ஸ் என்ற வீடியோ ரெக்கார்டரை விற்றார்கள், மக்கள் டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தார்கள். கருவிக்கு நியாயமான பயன் கணிசமாக இருந்தால் விற்றவர் மேல் பழி இல்லை என்று தீர்ப்பு வாங்கியது அதே சோனி. சில வருடங்களில் சிபிஎஸ் ரெக்கார்ட்ஸை வாங்கிப் பாட்டுக்குச் சொந்தக்காரர் ஆனது. கருவி விற்கிறபோது ஒரு நியாயம், பாட்டு விற்கிறபோது ஒரு நியாயம்.

நான் சேவை நிறுவனங்கள் மேல் பெரிய பொறுப்பைச் சுமத்தத் தயங்குவதற்குக் காரணம் காக்ஸ் மேல் உள்ள பரிவு அல்ல. 2012-ல் சென்னையில் நடந்த விஷயம்தான். ‘3’ படத்துக்காக அதன் தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாதவர்களுக்கு எதிரான தடை வாங்கினார் (நம் நீதிமன்ற வழக்கில் அந்தப் பெயர் தெரியாதவருக்கு ‘அசோக் குமார்’ என்று பெயர், பாவம் அசோக் குமார்கள்). மே மாதம் சேவை நிறுவனங்கள் என்ன செய்தன? வீமியோ, டெய்லிமோஷன் எல்லாவற்றையும் முழுசாக மூடின. பேஸ்ட்பின்னையும் மூடின. பேஸ்ட்பின் நிரலாளர்கள் கோட் துண்டுகளை ஒட்டிவைக்கும் பலகை, அதில் படம் பார்க்கவே முடியாது! ஜூனில் நீதிமன்றம், படம் இருக்கும் குறிப்பிட்ட இணைய முகவரிகளுக்கு மட்டும்தான் தடை என்று தெளிவுபடுத்த வேண்டிவந்தது. இத்தனைக்கும் அந்தப் படத்தின் ‘கொலவெறி’ பாட்டு சில மாதங்களுக்கு முன்பு உலகம் சுற்றியது, சோனி மியூசிக்கே அதை யூட்யூபில் இலவசமாக வெளியிட்டதால்.

பயந்துபோன சேவை நிறுவனம் ஊசியை எடுக்காது, கோடரியைத்தான் எடுக்கும். மூடாமல் விட்டால் நஷ்டம் கோடிகளில், தேவையில்லாமல் மூடினால் நஷ்டம் ஒன்றுமில்லை என்றிருந்தால் நானும் மூடத்தான் செய்வேன். 2009-ல் பிரான்சின் அரசியலமைப்புக் குழு, ஒருவரின் இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரம் நிர்வாக அமைப்பிடம் இருக்கக்கூடாது, நீதிபதியிடம்தான் இருக்கவேண்டும் என்றது. எனக்கு இது சரியாகப் படுகிறது. பதின்மூன்று நோட்டீஸ் வாங்கியவரைத் துண்டிக்கலாம், ஆனால் அவர் ‘நான் இல்லை, மாடிவீட்டுக்காரர்’ என்று சொல்ல ஓர் இடம் வேண்டும். காக்ஸ் போல் கொள்கையைக் கேலிக்கூத்தாக்குகிற நிறுவனத்துக்கு அபராதம் போடட்டும், அந்தத் தவறின் அளவுக்கு. பாட்டின் எண்ணிக்கையால் பெருக்கி அல்ல.

‘அப்போ பாடுறவங்க கதி?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் என் இன்ஜினியரிங் ஹாஸ்டலில் பாட்டு மொத்தமும் பரவியது டிசி பிளஸ் பிளஸ் வழியாக, உள் நெட்வொர்க்கிலேயே. ஒரு பாட்டு கூடக் கல்லூரி வாசலைத் தாண்டிப் போகவில்லை. எந்தச் சேவை நிறுவனத்தைத் தண்டித்திருந்தாலும் அது நின்றிருக்காது. பின்னாளில் அந்தப் பையன்களில் பலரைத் திருட்டிலிருந்து பிரித்தது மாதச் சந்தா ஆப்கள்தான். நம் ஊரில் அவற்றைக் கொண்டுவந்து சேர்த்ததும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள்தான்: ஏர்டெல் 2014-ல் விங்க் தொடங்கியது, 2018-ல் ஜியோவின் இசைச் சேவையும் சாவனும் ஒன்றாயின. குழாய்க்காரரே பாட்டுக்கடையும் வைத்துவிட்டார். நாளைக்கு இங்கே இப்படி ஒரு வழக்கு வந்தால், எங்களுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று அவர் எந்த முகத்தோடு சொல்வார் என்று பார்க்க எனக்கு ஆசை.