பரிவுக்கு எங்கே இடம்?

உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் முன்வைத்த கருத்தாக்கத்தைத் தமிழில் பேசப் புகுபவர் முதல் சொல்லிலேயே இடறுகிறார். 'தன்னிரக்கம்' என்றால் நம் வழக்கில் அது தன் நிலையை எண்ணித் தானே உருகுவது. நெஃப் சொல்வது ஏறக்குறைய இதற்கு எதிரானது. தோற்ற வேளையில் நண்பரிடம் காட்டும் கனிவைத் தன்னிடமும் காட்டுவது, தோல்வி எல்லோருக்கும் பொது என உணர்வது, வலியை ஊதிப் பெருக்காமலும் மூடி மறைக்காமலும் பார்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. இதைத் 'தன்பரிவு' என்போம். இலக்கு வைத்து வாழ்பவருக்கு இது துணையா, தடையா என்பதே வழக்கு.

பெங்களூரில் இந்த வழக்கு அன்றாடம் நடக்கிறது. வெளிவட்டச் சாலை அலுவலகத்தில் காலாண்டுதோறும் 'ஓகேஆர்' எனப்படும் இலக்குப் பட்டியலை எழுதும் பொறியாளர், வீடு திரும்பியதும் அதே அச்சில் தன் எடைக்கும் ஓட்டத்துக்கும் வாசிப்புக்கும் இலக்கு எழுதுகிறார். முறையைக் கடன் வாங்கியவர் அதன் முக்கியமான விதியை மட்டும் அலுவலகத்திலேயே விட்டுவிடுகிறார். இம்முறையைப் பரப்பிய கூகுள், எட்டாக் கனியாக வைத்த இலக்கில் 60 முதல் 70 சதவீதம் எட்டினாலே நல்ல மதிப்பெண் என்றது. அதே 70 சதவீதத்தை, தன் பத்துக் கிலோமீட்டர் ஓட்டத்தில் எட்டியவர் தோல்வி என்று எழுதுகிறார். நிறுவனம் தன் இலக்குக்குத் தரும் சலுகையை மனிதர் தனக்குத் தருவதில்லை.

இலக்குக் கோட்பாட்டின் பக்கம் சான்று வலுவானது. எட்வின் லாக்கும் கேரி லேதமும் வளர்த்த இத்துறையில் 1975-ஆம் ஆண்டின் மரலாரி ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. சட்டம் அனுமதித்த எடையில் சுமார் 60 சதவீதமே ஏற்றிவந்த ஓட்டுநர்களுக்கு 94 சதவீதம் என்று திட்டமான இலக்கு தரப்பட்டதும் சுமை 90-ஐத் தாண்டியது. 'முடிந்தவரை செய்' என்பதைவிடக் கடினமான, தெளிவான இலக்கு சிறந்தது என்ற முடிவு திரும்பத் திரும்ப நிறுவப்பட்டது. இது சாதனை. குறை வேறிடத்தில் இருக்கிறது. லாரியில் ஏறிய எடை கண்ணுக்குத் தெரியும். எடை குறைந்த நாளில் ஓட்டுநர் தன்னிடம் என்ன சொல்லிக்கொண்டார் என்பது இக்கோட்பாட்டின் எல்லைக்குள் பெரிதாக வருவதில்லை. தனிமனித இலக்கு முறிவதோ பெரும்பாலும் அந்த உரையாடலில்தான்.

தன்பரிவின் பக்கம் சிறந்த சான்று, ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் பெர்க்லியில் நடத்தி 2012-இல் வெளியிட்ட சோதனைகள். கடினமான சொல்வளத் தேர்வில் சறுக்கிய மாணவர்களுள், தம்மைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்ற செய்தியைப் பெற்றவர்கள் அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள். தன்மதிப்பை ஏற்றிவிடும் செய்தி அந்த விளைவைத் தரவில்லை. பரிவு சோம்பலை வளர்க்கும் என்ற பழைய குற்றச்சாட்டு இங்கே பலமிழக்கிறது. ஆனால் அளக்கும் கருவியில் தளர்ச்சி உண்டு. நெஃபின் அளவுகோலில் உள்ள 26 கூற்றுகளில் பாதி, தன்னைக் கடிதல், தனித்துப்போதல் போன்றவற்றைக் கேட்டுத் தலைகீழாக மதிப்பெண் இடுபவை. கடுமை இல்லாததும் கனிவு இருப்பதும் ஒன்றல்ல. மியூரிஸும் பெட்ரோச்சியும் 2017-இல் எழுப்பிய ஆட்சேபம் இதுவே; அது நியாயமானது.

இன்னொரு குறை கருத்தளவிலானது. 'தோல்வி எல்லோருக்கும் பொது' என்பது எண்ணில்லாமல் சொல்லப்படும்போது வெறும் ஆறுதலாகிவிடுகிறது. அந்த எண்ணைப் பெங்களூரின் கிரிக்கெட் மட்டையாளரிடமிருந்தே எடுக்கலாம். ராகுல் திராவிட் டெஸ்டிலும் ஒருநாள் ஆட்டத்திலுமாக 604 முறை மட்டை பிடித்தார். அவற்றில் 410 முறை ஐம்பதை எட்டவில்லை. டெஸ்டில் 13,288 ஓட்டங்கள் குவித்தவரின் கணக்கு இது. 1998-இல் ஒருநாள் அணியிலிருந்து நீக்கப்பட்டவர், 1999 உலகக் கோப்பையில் 461 ஓட்டங்களுடன் முதலிடம் பெற்றார். அவர் மனத்துக்குள் புகுந்து காரணம் சொல்வது விமர்சகரின் வேலை அல்ல. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 'குறைவு' என்பதே உச்சத் திறனின் இயல்பான விகிதம் என்பதற்கு அந்த ஆட்டக்கணக்கு போதும். விகிதம் தெரிந்தவர் ஒரு குறைவைத் தன் குணத்தின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இரு தரப்பும் சரியாகத் தொடாதது, எது முன், எது பின் என்ற வரிசை. வள்ளுவர் அதைத் தொட்டார். ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என 60 முதல் 63 வரை நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். உள்ளம் உயர்வது முதலில். உடையாமல் நிற்பது முயற்சிக்குப் பிறகு. நான்கும் துறவறத்தில் இல்லை, பொருட்பாலில் இருக்கின்றன. உடையாமை அவருக்கு வினைசெய்பவரின் தகுதி.

இந்த வரிசையை உரைகல்லாகக் கொண்டால் இன்றைய நடைமுறையின் பிழைகள் துலங்கும். இலக்கு வைக்கும்போதே பரிவை அழைத்தால் அளவு தாழ்கிறது. கணக்குப் பார்க்குமுன் அழைத்தால் அது சாக்காகிறது. உழைப்பை இன்னும் பிழிவதற்கான உத்தியாக அழைத்தால் அது பரிவே அல்ல. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் இணை நிறுவனர் நாராயண மூர்த்தி முன்வைத்த வாரம் 70 மணி நேர உழைப்பு பற்றிய விவாதத்தில் இரு தரப்பும் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டன. அந்த மணிகள் யாருடைய இலக்குக்காக என்ற கேள்வி பின்னுக்குப் போனது. பிறர் சுமத்திய இலக்கை எந்தப் பரிவாலும் சொந்தமாக்க முடியாது.

ஆகவே தீர்ப்பு இது. இலக்கை வைக்கும்போது கறார் வேண்டும். விகிதம் அறிந்த கறார். தவறியபின் முதலில் கணக்கு, உடனே பரிவு. பிறகு மீண்டும் கறார்: தொடர்வதா, திருத்துவதா, கைவிடுவதா? எட்டவே முடியாததைக் கைவிட்டு வேறொன்றைப் பற்றிக்கொள்வதும் நலத்தோடு தொடர்புடைய திறனே என்று கார்ஸ்டன் ராஷ் குழுவினர் 2003-இல் காட்டினார்கள். தன்பரிவு ஓர் அளவுகோலாகத் தேறவில்லை. அளவுகோலைக் கையில் பிடித்திருப்பவர் அதைத் தூக்கி எறியாமல் இருக்க உதவும் பண்பாகத் தேறுகிறது. அந்த இடத்துக்கு வெளியே அதற்குப் புகழும் தேவையில்லை, பழியும் தேவையில்லை.