கார்புரேட்டருக்குள் ஊதும் காற்று

பழைய ரெனால்ட் 5 ஜிடி டர்போவின் முன்மூடியைத் திறந்தால், கணினிப் பெட்டிகளைவிட ரப்பர் குழாய்களே அதிகம் கண்ணில் படும். டர்போ அழுத்திய காற்று, இன்டர்கூலரில் சூடு தணிந்து, நேராக சோலெக்ஸ் கார்புரேட்டருக்குள் பாய்கிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்துப் பெட்ரோல் உள்ளே போக வேண்டுமே! காற்றின் அழுத்தம் ஏற ஏற, பெட்ரோலின் அழுத்தத்தையும் ஒரு படி மேலே வைத்திருக்கிறது சின்ன ரெகுலேட்டர் ஒன்று.

1985இல் பிரான்சில் வந்த இந்தக் காருக்கு 1397 சிசி எஞ்சின்தான். எடையும் ஒரு டன்னுக்குக் குறைவு. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு கணம் தயங்கும். பிறகு மெல்லிய சீழ்க்கை எழும்; முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். அந்தத் தயக்கத்தைக் கணித்து, வளைவு முடியும் முன்பே மிதிக்கப் பழகுவது ஓட்டுநரின் கைவண்ணம். கார்புரேட்டரின் திருகைக் கால் சுற்று திருப்பி, காற்று-பெட்ரோல் கலவையைக் காதாலேயே சரிபார்ப்பது மெக்கானிக்கின் பொறுமை.

புதுக் காரைக் கொடுத்து இந்தப் பழைய காரை மாற்றிக்கொள்ள நினைத்தால், முதலில் இதை நன்றாக ஓட்டிச் சூடேற்றி அணைத்து, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி முரண்டு பிடிப்பது இதன் பேர்போன குணம். அதையும் பொறுத்துக்கொள்ள மனமிருந்தால், தாராளமாக மாற்றிக்கொள்ளலாம்.