நக்கீரர் வகுத்த மனை

நெடுநல்வாடையைப் பாடம் சொல்லும்போது நம்மிற் பலர் ஒரே மூச்சில் அரசியின் துயரத்திற்கு ஓடிவிடுகின்றோம். வாடைக் காற்றும், பாசறையில் உறங்காத வேந்தனும், தனித்து வருந்தும் தேவியுமே நம் உள்ளத்தைக் கவர்கின்றனர். இடையே நக்கீரர் ஒரு மனையை வகுத்துக் காட்டுகின்றார். அதனை 'அரண்மனை வருணனை' என்று ஒரு சொல்லில் முடித்துக் கடந்து விடுகின்றோம். நாம் கைவிட்ட அப்பகுதியை வேறு சிலர் கையில் எடுத்துக்கொண்டனர். இக்கட்டுரை எழுந்த காரணம் அதுவே.

நண்பர் ஒருவர் அண்மையில் தம் வீட்டின் தெற்குச் சாளரத்தை அடைத்து, மேற்குச் சுவரை இடித்து வாயில் வைத்தார். மனையடி வல்லார் ஒருவர் நெடுநல்வாடையையே இதற்குச் சான்றாகக் காட்டினாராம். இன்று பிற்பகல் வெயில் அவ்வீட்டின் கூடம் வரை வந்து நிற்கின்றது. இரவில் பிள்ளைகள் புழுக்கத்தால் உறங்க மாட்டாமல் தவிக்கின்றனர். இப்பழியை நக்கீரர் மீது சுமத்துவது தகுமா?

புலவர் கூறுவதுதான் என்ன? நூலறிந்தோர் நண்பகலில் இரண்டு கோல்களை நட்டு, நிழல் எப்பக்கமும் சாராத வேளை பார்த்து, கயிறிட்டுத் திசை குறித்தனர் என்கின்றார். உரைகாரர் நச்சினார்க்கினியர் அதற்குரிய காலத்தைச் சித்திரைத் திங்களின் நடுப்பத்து நாள் என்று வரையறுத்தார். இது வெறும் மரபுரையா, கண்டறிந்த உண்மையா?

கணக்கிட்டுப் பார்ப்போம். அரண்மனை மதுரையில் இருந்ததாகக் கொண்டால், அங்கே கதிரவன் உச்சந்தலைக்கு நேரே வருவது இன்று ஏப்ரல் 16ஆம் நாளை ஒட்டி, அஃதாவது சித்திரையின் தொடக்கத்தில். ஆனால் நம் சித்திரைப் பிறப்பு ஏறத்தாழ 60, 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிக்கொண்டே வருகின்றது. உரைகாரர் வாழ்ந்ததாகக் கருதப்படும் 14ஆம் நூற்றாண்டிற்குப் பின்னோக்கிச் சென்றால் ஏறத்தாழப் பத்து நாள் வேறுபடும். அப்போது அந்நிழலற்ற நாள் சித்திரை 12ஐ ஒட்டி வரும். உரைகாரர் சொன்ன நடுப்பத்திற்குள் அது அமைந்துவிடுகின்றது!

ஆகவே அங்கே பேசுவது வானத்தை நோக்கிய கண். அப்பகுதியில் தெய்வத்தை நோக்கும் குறிப்பும் உண்டு. அதனை மறைத்துப் பாட்டை முழு அறிவியலாக்குவதும் நேர்மையன்று. ஆயினும் முதலில் கோல், பிறகு கயிறு, பிறகே சுவர் என்ற ஒழுங்கை எவரும் மறுக்க இயலாது.

அம்மூதூரின் மனைகள் பருவத்தோடு ஒத்து வாழ்வதையும் புலவர் காட்டுகின்றார். கூதிர் வந்ததும் சாளரக் கதவுகள் அடைபடுகின்றன. விசிறிகள் சிலந்தி நூல் படியத் தொங்குகின்றன. தண்ணீர்க் கலம் தீண்டுவாரின்றிக் கிடக்க, மக்கள் கனலை நாடுகின்றனர். சிலப்பதிகாரமோ வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி என இரு பள்ளிகளையே பிரித்துப் பேசும். சாளரத்திற்கு நம் முன்னோர் வைத்த பெயர் காலதர். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. பெயரிலேயே பயனை வைத்த மக்கள் நாம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இவையெல்லாம் செல்வர் மாடங்கள். அதே பாட்டின் தொடக்கத்தில் வெள்ளத்திற்கு அஞ்சி மேட்டு நிலம் ஏறிய கோவலர் தீயில் கை காய்ந்து நடுங்குகின்றனர். அவர்களுக்காகக் கயிறு பிடித்தவர் எவருமிலர். நக்கீரர் இவ்விரண்டையும் ஒரே பாட்டில் வைத்தார். நாம் ஒன்றை மட்டும் படிக்கின்றோம்.

கிரேக்க நாட்டில் சாக்கிரட்டீசும் இது பற்றிப் பேசியதாக அவர் மாணவர் செனபோன் எழுதியுள்ளார். தெற்கு நோக்கிய வீட்டில் குளிர்காலக் கதிர் தாழ்வாரத்தினுள் புகும். கோடையில் கதிரவன் கூரைக்கு மேலே சென்றுவிட, நிழல் கிட்டும் என்பது அவர் கருத்து. ஏதென்சு வடக்கே 38 பாகையில் உள்ளது. அங்கே அது பொருந்தும். அவ்விதியை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே நட்டால் பொருந்துமா?

சிங்கப்பூர் வடக்கே ஒன்றரைப் பாகைக்கும் குறைவு. கோலாலம்பூர் மூன்று பாகை. இங்கே நண்பகல் கதிரவன் ஏறத்தாழ ஆறு திங்கள் வடபாலும் ஆறு திங்கள் தென்பாலும் நிற்பான். எனினும் சிங்கப்பூரில் உச்சிவேளையில் அவன் 65 பாகைக்குக் கீழே தாழ்வதில்லை. பத்தடிச் சுவருக்கு நாலேமுக்கால் அடி இறவாரம் இருந்தால் வடக்கிலும் தெற்கிலும் நண்பகல் வெயில் சுவரைத் தீண்டாது. காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் கதிரையோ இறவாரம் தடுக்க மாட்டாது. கிழக்குச் சுவரும் மேற்குச் சுவருமே வெயில் ஏற்பவை. ஆதலின் வீட்டின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்க, குறுகிய பக்கங்கள் கிழக்கும் மேற்கும் நோக்குவதே இந்நிலத்துக்கு ஏற்றது. எதிரெதிர்ச் சாளரங்கள் காற்றை ஊடுருவ விட வேண்டும். தூண்மேல் எழுந்து, அத்தாப்புக் கூரை தாழ்ந்து, சாளரங்கள் அகன்ற மலாய் வீடு இக்காற்றையும் நிழலையும் முன்பே அறிந்திருந்தது. மேற்குச் சுவரைத் திறந்து தெற்குச் சாளரத்தை அடைத்த என் நண்பர், நக்கீரரைப் பின்பற்றவில்லை. நக்கீரர் பெயரைப் பின்பற்றினார்.

மதுரைக்கு ஒரு கணக்கு, ஏதென்சுக்கு ஒரு கணக்கு, நமக்கு ஒரு கணக்கு. விதி மாறும், கோல் நட்டு நிழல் பார்க்கும் முறை மாறாது. இலக்கியத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அம்முறையையே.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். சிங்கப்பூரில் மார்ச்சு 23, செப்டம்பர் 19 ஆகிய நாட்களை ஒட்டியும், கோலாலம்பூரில் மார்ச்சு 28, செப்டம்பர் 15 ஆகிய நாட்களை ஒட்டியும், பிற்பகல் ஒரு மணியளவில் பள்ளித் திடலில் ஒரு கோலை நேராக நட்டு மாணவரைச் சூழ நிற்கச் செய்யுங்கள். நிழல் கோலின் அடியிலேயே ஒடுங்கி மறைவதை அவர்கள் காணட்டும். அதன்பின் நெடுநல்வாடையை விரித்துப் பாடம் தொடங்குங்கள். அம்மாணவர் நாளை வீடு கட்டும்போது, எவர் வந்து எப்பாட்டைக் காட்டினாலும், முதலில் வெயில் வரும் வழியைப் பார்ப்பர்.