சித்தாளின் கைக்குக் கரணை எட்டாதது ஏன்?

கட்டட வேலை நடக்கும் இடத்தில் வழங்கும் பெயர்களைச் சற்றுக் கவனியுங்கள். சுவர் எழுப்புபவர் கொத்தனார். மண் வெட்டும் ஆண் பெரியாள். கல்லும் கலவையும் சுமக்கும் பெண் சித்தாள். ‘சிற்றாள்’ என்ற சொல்லே பேச்சில் சித்தாள் ஆயிற்று. ஐம்பது வயதானாலும் அப்பெண் சிறிய ஆள்தான்! கையாளாக வந்த பையன் சில ஆண்டுகளில் கொத்தனாராகி விடுகிறான். சித்தாளாக வந்த பெண்ணோ பெரும்பாலும் சித்தாளாகவே ஓய்கிறார்.

காரணம் கேட்டால், “பெண்ணுக்கு அவ்வளவு வலு ஏது?” என்பார்கள். இந்த விடையைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு செங்கல்லின் எடை ஏறத்தாழ 3 கிலோ. சும்மாட்டின்மேல் எட்டுக் கல் என்றால் 24 கிலோ. 3 மீட்டர் உயரமுள்ள முதல் மாடிக்கு நாளொன்றுக்கு 50 நடை ஏறினால் 1,200 கிலோ மேலே போகிறது. ஒவ்வொரு நடையிலும் தம் உடலின் எடையையும் அப்பெண் ஏற்றியாக வேண்டும். கொத்தனாரோ பக்கத்தில் அடுக்கிய கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். அவர் வேலையும் கடினமானதே. ஆனால் அதன் கடினம் வேறு வகையானது. வரிசை மட்டமாக இருக்க வேண்டும். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்க வேண்டும். கீழ்வரிசை மூட்டின்மேல் மேல்வரிசை மூட்டு வரக்கூடாது. இவை கண்ணுக்கும் கைக்கும் உரிய பயிற்சி. வலுவே அளவுகோல் என்றால், சுமப்பவருக்கு அது குறைவு என்று எப்படிச் சொல்வது?

அடுத்த வாதம், சித்தாள் வேலை ‘திறன் தேவைப்படாதது’ என்பது. சிமெண்ட் உலர்ந்து இறுகுவதில்லை. நீருடன் வேதிவினை புரிந்தே இறுகுகிறது. கலவையில் நீர் மிகுந்தால் வலிமை குறையும். கட்டிய சுவர் முன்னதாகவே காய்ந்தால் வினை பாதியில் நின்றுவிடும். கலவைக்கு மணலும் சிமெண்டும் அளந்து போடுவதிலும், சுவருக்கு நாள்தோறும் நீர் விடுவதிலும் பெண்களின் கை இருக்கிறது. சுவரின் ஆயுள் அந்தக் கையில் இருக்க, அதைத் திறனற்ற கை என்பது அறிவியலுக்குப் பொருந்துமா?

இப்பெயரால் கூலியும் குறைகிறது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற சட்டம் 1976-இல் வந்தது. ஆனால் வேலையின் பெயரே வேறாகிவிட்டால் ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

கல்லூரி வாயில் எப்போதோ திறந்துவிட்டது. 1940-களில் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்ற பி. கே. திரேசியா, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். இந்தியாவில் அப்பதவியை அடைந்த முதல் பெண் அவரே. படிப்பிலும் பதவியிலும் ஏறுவதற்குப் படிகள் இருந்தன. வேலையிடத்தில் அப்படி ஒரு படி இல்லை. அங்கே தொழில் மாமனிடமிருந்து மருமகனுக்கும், மேஸ்திரியிடமிருந்து கையாளுக்கும் போகிறது. ஓய்வு நேரத்தில் பையனிடம் கரணையைக் கொடுத்துப் பழகச் சொல்வார்கள். பெண்ணிடம் யாரும் கொடுப்பதில்லை.

கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்க்கண்ட் மாநிலம் சான்று. தூய்மை இந்தியா இயக்கத்தின்போது கழிப்பறை கட்டுவதற்காகக் கிராமப் பெண்கள் அங்கே கொத்து வேலை பயின்றனர். கொத்தனாரை ‘ராஜ் மிஸ்திரி’ என்றழைத்த மக்கள் இப்பெண்களை ‘ராணி மிஸ்திரி’ என்றழைத்தனர்.

நம் ஊர்களிலும் வேண்டியது இதுவே. அரசுப் பணி எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள சித்தாள்களில் சிலருக்கேனும், கூலி குறையாமல், கொத்து வேலை கற்பிக்க வேண்டும் என்று விதி செய்யலாம். வீடு கட்டும் நாமும் மேஸ்திரியிடம் இதைக் கேட்கலாம் அன்றோ?